ஸ்டாப் குமிழில் மல்லிகை

நாச்சம்மாளின் வாடகைக் காருக்கு மைசூரில் இரண்டு பெயர்கள் இருந்தன. காலையில் சவாரிக்குக் காத்திருந்தவர்கள் அதைக் கிளம்பாத கார் என்றார்கள். சவாரி முடிந்து இறங்கியவர்கள் நிற்காத கார் என்றார்கள். இரண்டுமே உண்மைதான்.

யுத்தத்துக்கு முன்னால் சிக்மகளூர்ப் பக்கத்துத் தோட்டதுரை ஒருவர், தம்முடைய பெரிய காரிலிருந்த பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைத்துக்கொண்டார். சீமைக்குத் திரும்பியபோது அவர் விற்றுவிட்டுப் போன காரை வாங்கியவர் நாச்சம்மாளின் கணவர் ஜடையன். கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வந்து குடியேறிய குடும்பம். பெட்ரோல் கூப்பனுக்காக மற்ற டாக்சிகள் வரிசையில் நின்ற நாட்களில் இந்தக் கார் மட்டும் குண்டலுபேட்டைக்கும் கொள்ளேகாலத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. மைல் காட்டும் எண்கள் ஒரு முறை முழுதும் சுற்றிச் சைபருக்கு வந்து, இரண்டாவது சுற்றும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஜடையன் காலமான பிறகு காரை நாச்சம்மாள் நடத்தினாள். டிரைவர் சித்தையன் ஓட்டினான்.

எந்த வேலையை எப்போது செய்வது என்பதெல்லாம் அவள் மனத்தில் இருந்தது. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடமாட்டாள். டீசலைப் பீச்சும் நாஸில்களைத் தீபாவளிக்கு அப்புறம் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வால்வு தேய்ப்பது மார்கழியில். அந்த மாதம் கல்யாண சவாரி கிடையாது. பிரேக் லைனிங் சங்கராந்திக்குள். கார் நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும் என்பதால், இரண்டு பெரிய வேலைகளை அவள் ஒன்றாகச் சேரவிட்டதில்லை.

ஆனால் இந்தக் கோளாறு எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினால் இன்ஜின் தூக்கம் கலையாதவனைப் போல ஒரு புரள் புரண்டு படுத்துவிடும். வேகமாகப் போனால் முன் விளக்குகள் பளிச்சென்று எரியும். மெதுவாகப் போனால் மங்கும். சாயங்காலம் ஸ்டாப் குமிழை இழுத்தால் அது வருவதே இல்லை. டீசல் இன்ஜினை அணைக்க அந்தக் குமிழ்தான் வழி. அது இறுகிக்கொண்டதால் சித்தையன் டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துவான். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

பேட்டரிக் கடைக்காரர் பராசரன் இரண்டு தடவை வந்து பார்த்தார். மேல்கோட்டைக் குடும்பத்துக்காரர், நிதானமான மனிதர். பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துப் புது கார்பன் போட்டார். வயர்களை இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. இன்ஜினே தேய்ந்துபோயிருக்கலாம் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான் லிங்கப்பன். ஜடையனின் தம்பி, கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். காரில் பாதி அவனுடையது. வருஷா வருஷம் தசராவுக்கு முன்னால் அவனே காருக்குப் பெயிண்ட் அடிப்பான். அண்ணன் கார் என்ற பாசத்தில் வெளியே மட்டும் அடித்து நிறுத்தமாட்டான். கீழே புகுந்து அடிச்சட்டத்தைத் தேய்த்துக் கழுவி, இன்ஜின் தாங்கி வரைக்கும் கறுப்புப் பூசி, கழற்றியதை எல்லாம் துடைத்து அதனதன் இடத்தில் மாட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

போன வருஷம் ஆயுத பூஜையன்று, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் அந்தப் புதுப் பளபளப்புக் காரை நாலு பேர் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பழம் நசுங்குவதற்குக் காரே வர வேண்டும், ஆள் தள்ளினால் கணக்கில் சேராது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதை லிங்கப்பன் மறக்கவில்லை.

இந்த வருஷம் பெயிண்ட் காய்ந்த கையோடு அவன் வந்தான். குண்டலுபேட்டைக் கெம்பையன் கடலை எண்ணெய் ஆலை வைக்கப் போகிறார். அவருக்கு இன்ஜின் மட்டும் வேண்டும். உடம்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றான்.

"நங்கை, வருத்தப்படாதீங்க," என்றான். கொங்குப் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்ற அண்ணன் வண்டி தெருவுல சிரிப்பாச் சிரிக்கிறத என்னால பாக்க முடியலீங்க. மாதேஸ்வரனுக்கே இது புடிக்கலே. சாமிக்கு வெக்கிற பூ காலங்காத்தாலயே கருகிப் போகுதுன்னு சித்தையன் சொல்றான்."

பூ கருகியது பொய்யல்ல. தினமும் காலையில் சித்தையன் மாதேஸ்வரனை நினைத்து ஒரு முழம் மல்லிகையை ஸ்டாப் குமிழில் சுற்றுவான். தெரு முனை தாண்டுவதற்குள் குமிழை ஒட்டிய பூக்கள் பழுப்பாகிவிடும்.

நாச்சம்மாள் ஒரு தவணை கேட்டாள். ஆயுத பூஜைக் காலையில் கார் தானாகக் கிளம்பிப் பழத்தின் மேல் ஏறினால் அது அவளிடம் இருக்கும். தள்ள வேண்டிவந்தால் அங்கேயே கெம்பையனுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவாள். லிங்கப்பன் ஒப்புக்கொண்டான்.

சாமிக்குப் பிடிக்காமல் பூ கருகினால் கருகட்டும். அது எப்போது கருகுகிறது என்று மட்டும் அவள் கவனித்தாள். தெரு இறக்கத்தில் காரை உருட்டிவிட்டுக் கியரில் கிளப்பிய நாட்களில் மல்லிகை சாயங்காலம் வரை வெள்ளையாகவே இருந்தது. ஸ்டார்ட்டரை அழுத்திய நாட்களில்தான் கருகியது. கருகிய சரத்தை வாழையிலையில் மடித்துக்கொண்டு பூஜைக்கு முந்தின நாள் பராசரன் கடைக்குப் போனாள்.

அவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். சித்தையனை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லிவிட்டுக் குமிழில் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சுடறது," என்றார். "ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் இன்ஜினிலிருந்து சட்டத்துக்குத் திரும்பி வரணும். அதுக்குன்னு கீழே செம்புப் பட்டை இருக்கு. அந்த வழி அடைச்சிருக்கு. அதனாலே இந்தக் குமிழோட மெல்லிசுக் கம்பியிலே ஏறி வரது. பட்டை போல்ட் இறுக்கமா இருக்குன்னு நான் விட்டுட்டேன். அடியிலே என்ன இருக்குன்னு பார்க்கலை."

அடியில் என்ன இருக்கிறது என்று நாச்சம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு பூச்சாக, லிங்கப்பனின் கறுப்புப் பெயிண்ட். அவன் பட்டையைக் கழற்றி, துடைத்து, பெயிண்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறான். குமிழ்க் கம்பி இறுகிக்கொண்டதற்கும் அந்தச் சூடுதான் காரணம். விளக்கு மங்கியதற்கும் அந்த அடைப்புதான் காரணம்.

இப்போதே கழற்றிச் சுரண்டிவிடலாம் என்றான் சித்தையன். அவள் வேண்டாம் என்றாள். ரகசியமாகச் சரிசெய்து நாளைக்குக் கிளம்பினால், ஏதோ இன்றைக்கு நல்ல நேரம் என்று லிங்கப்பன் நினைப்பான். அடுத்த தசராவுக்கு மறுபடியும் பூசுவான். அவனே பார்க்கட்டும்.

அந்தக் கணக்கில் அவள் ஒன்றை விட்டுவிட்டாள். மறுநாள் விடிந்து வாசலுக்கு வந்தபோது, ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், சுரண்டும் தகடு எல்லாம் பலகையில் வரிசையாக இருந்தன. கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ வைத்திருந்தான் சித்தையன். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை விஜயதசமிக்கு முன்னால் எடுக்கக் கூடாது. அவள் ஸ்பேனரைக் கேட்டதற்கு அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தன் கை அதில் படாது, வேண்டுமானால் வேலையை விட்டு நிறுத்திவிடுங்கள் என்றான்.

லிங்கப்பன் புது வேட்டியில் கெம்பையனோடு வந்து இறங்கினான். கெம்பையன் காரைச் சுற்றிவந்து, கன்னடத்தில் பெயிண்டைப் புகழ்ந்தார். பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜினை மட்டும் வெகுநேரம் பார்த்தார். தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

நாச்சம்மாள் லிங்கப்பனைக் காரின் மறுபக்கம் அழைத்துப் போனாள். குரலை உயர்த்தாமல், பூவையும் குமிழையும் பட்டையையும் பற்றிச் சொன்னாள். பெயிண்டைப் பற்றியும் சொன்னாள்.

அவன் முகம் சிவந்தது. "அப்போ நானாங் இத இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது?"

"வண்டி மேல இருக்கிற ஆசையிலதானே தம்பி பண்ணுனீங்க. வேறொருத்தன்னா அந்த எடத்துக்குப் பிரஷே போயிருக்காது," என்றாள். "ஆனா இப்ப அதக் கழட்டோணும். சாமான் எல்லாம் பூசையில இருக்குது. பூசை பண்ணப் போறது நீங்க. நீங்களே சொல்லுங்க."

லிங்கப்பன் ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும். கார் கிளம்பாது, கையெழுத்து நடந்துவிடும். கெம்பையன் சாட்சிக்கு நிற்கிறார். சித்தையன் பலகைக்குக் காவல் நிற்கிறான். லிங்கப்பன் இருவரையும் பார்த்தான். குனிந்து, தான் அடித்த பெயிண்டில் தன் முகம் தெரிவதையும் பார்த்தான்.

நேராகப் பலகைக்குப் போய், பூவைத் தள்ளிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். சித்தையன் ஏதோ சொல்ல வந்தான்.

"கற்பூரம் ஏத்தற வரைக்கும் இதெல்லாம் வெறும் இரும்புதான்டா," என்றான் லிங்கப்பன். "அந்தத் தகட்டையும் எடு."

புது வேட்டியோடு காரின் கீழே படுத்தான். போல்ட் கிறீச்சிட்டுக் கழன்றது. பட்டையின் அடியில் நகத்தின் கனத்துக்குப் பெயிண்ட் இருந்தது. கீழிருந்து சுரண்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கறுப்புச் செதில்கள் தரையில் உதிர்ந்தன. கெம்பையன் என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, வண்டியின் உரிமையாளர் வேலை பார்க்கிறார் என்று நாச்சம்மாள் கன்னடத்தில் பதில் சொன்னாள். இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு அவன் பட்டையை வைத்து இறுக்கிவிட்டு, முதுகெல்லாம் மண்ணோடு எழுந்தான். ஸ்பேனரைக் கழுவித் துடைத்தான். தானே புதுக் குங்குமம் இட்டு அதன் இடத்தில் வைத்தான். அதற்கப்புறம் கற்பூரம் ஏற்றினான்.

சித்தையன் குமிழில் மல்லிகையைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினான்.

இன்ஜின் புரளவில்லை, சுழன்றது. முதல் தடவை புகை மட்டும் வந்தது. தெருவில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தடவை, நாலு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. கார் மெல்ல முன்னால் நகர்ந்தது. பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின.

லிங்கப்பன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குமிழைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. பூ வெள்ளையாகவே இருந்தது. குமிழை இழுக்கும்போதுதான் கொஞ்சம் மல்லுக்கட்டியது.

"கம்பிய மாத்தோணும்," என்றான்.

"நாளான்னிக்கு," என்றாள் நாச்சம்மாள்.

கெம்பையன் கடிகாரத்தைப் பார்த்தார். பேரம் போய்விட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இனி ஊருக்குப் பஸ் எப்போது என்று கேட்டவர், இந்தக் காரிலேயே போய்விட்டால் என்ன என்றும் கேட்டார். இன்றைக்கு அது ஓடாது, நாளை விஜயதசமி, காலையில் முதல் சவாரியாகக் கொண்டுபோய் விடுகிறோம் என்றாள் அவள்.

"நானும் கூடப் போறனுங் நங்கை," என்றான் லிங்கப்பன், வேட்டியிலிருந்த கறுப்பைத் தட்டிக்கொண்டே. "மூணாவது நாஸில்ல ஒரு தட்டல் சத்தம் கேக்குது. நீங்க கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். அது தீபாவளிக்கு அப்புறம்," என்று சொல்லிவிட்டுச் சுண்டல் எடுத்துவர அவள் உள்ளே போனாள்.