மூன்றாம் நாளும் ஏறாத எண்

"ஒரு பேட் எடுத்துட்டு வாம்மா," என்றாள் அக்கா. தங்கையின் உடலைத் துடைத்த துணியில் இரத்தம் தெரிந்தது.

அம்மா புரியாமல் விழித்தாள். "இனிமே எதுக்குடி?"

"எடுத்துட்டு வா."

அம்மா அலமாரியைத் திறந்து தேடினாள். இந்த இரத்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவளே அக்காதான்.

அவள் மருத்துவமனையில் இசிஜி எடுப்பவள். தங்கை கைக்கடிகாரத்தை நம்பியவள். இதயத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி லேசாகக் கூடிக் குறையும்; அந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் தினமும் ஓர் எண்ணாகக் காட்டும்; எண் கூடினால் நல்லது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எண் இறங்கும், தங்கை பதறுவாள். வந்த இரண்டாம் நாள் ஏறிவிடும். ஒரு வருடமாக இதே கூத்து.

"உன் வாட்ச்சுக்கும் மாசாமாசம் மூட் சரியில்லாம போகுதுடி. வந்ததும் ஏறிடும், போய் வேலையப் பாரு," என்று அக்கா கிண்டல் செய்வாள். ஒவ்வொரு மாதமும் அவள் சொன்னபடியே நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

நேற்று தங்கை மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "வந்து மூணு நாளாச்சுக்கா. இன்னும் ஏறல. மாடி ஏறினா மூச்சு வாங்குது. அங்க வந்து ஒரு இசிஜி எடுத்துக்கட்டா?"

அக்கா அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தாள். "இங்க ஒரே கூட்டம். ஒண்ணும் இருக்காது, தூங்கு," என்று பதில் போட்டாள். எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்று காலை பல் துலக்கும்போது சரிந்த தங்கை எழவே இல்லை. தன் கையாலேயே கொன்றுவிட்டதாக அக்காவுக்குப் பட்டது.

உடை மாற்றிப் போர்வையை இழுத்துவிட்டபோது, தங்கையின் கணவன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். கையில் அவளுடைய போன்.

"அக்கா, நேத்து யாருக்கோ மெசேஜ் அடிச்சிட்டிருந்தா. உடம்புக்கு என்னன்னு அதுல ஏதாவது சொல்லியிருப்பாளோன்னு பாக்கறேன். லாக் நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

அம்மாவும் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த எண் அக்காவின் பிறந்தநாள்.

"தெரியாதுப்பா."

அவன் தலையாட்டினான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மனைவியின் வலது கையை எடுத்து, கட்டைவிரலைப் போனில் வைத்து அழுத்தினான். திறக்கவில்லை.

"ஈரமா இருக்கு போல," என்றபடி அந்த விரலைத் தன் சட்டையில் துடைத்து, மறுபடியும் வைத்தான்.