ஆகாயத்தில் ஒன்பதேகால் மணி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு முதலில் எனக்குக் கிடைத்தது ஆள் இல்லை, ஒரு சிக்கல்.

1972, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்துப் பாட்டு டீச்சர் சரோஜினி மெட்டமைத்த குழுப்பாடல் காலை ஒன்பதேகாலுக்கு வானொலியில் வருகிறது. ஒரே ஒரு முறை. வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. அதே நேரத்தில் அவள், தங்கை கல்யாணத்துக்காக, மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய்க்குப் பறந்துகொண்டிருப்பாள். விமானத்தில் டிரான்சிஸ்டர் போடக்கூடாது. எப்படிக் கேட்பாள்? அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

(ஏன் கேட்டே ஆகவேண்டும்? குழுவில் தேவானந்தம் என்று ஒருவர். கனத்த குரல். மூன்றாவது அடியை எப்போதும் அரை மாத்திரை முந்தி எடுப்பார். மூன்று வாரம் போராடித் திருத்தினாள். ஒலிப்பதிவின்போது ஆர்மோனியத்தை ஒட்டி உட்கார்ந்திருந்ததால், அவர் அங்கே முந்தினாரா இல்லையா என்பது அவள் காதில் விழவில்லை. அந்த அடியில்தான் பாட்டே நிற்கிறது.)

2.

"மேகங்களுக்கு நடுவே சரோஜினியின் மனம் ஒரு..."

வேண்டாம். மேகத்தில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

"சிடுசிடுத்த விமானப் பணிப்பெண்..."

இதுவும் வேண்டாம். அவள் செய்வது சரியான வேலை. அவளைக் கெட்டவளாக்கினால் எனக்குச் சுலபம்; அவளுக்கு அநியாயம்.

3.

ஆகவே இப்படி. விமானம் இன்னும் தரையில்தான் இருக்கிறது. சரோஜினியின் கணவர் ஐசக், கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, மே மாதத்தில், வெகு சாதாரணமாக ஜன்னலைப் பார்க்கிறார். தட்டில் காதடைப்புக்குப் பஞ்சும் மிட்டாயும் கொண்டுவந்த பணிப்பெண் காந்திமதி நின்றுவிட்டாள்.

"சார், ரேடியோவ ஆஃப் பண்ணிடுங்க."

"இது கேக்கறதுக்கு மட்டும்தாம்மா. வாயில்லா ஜீவன்."

"உங்க ஜீவனோட ஒயர் மப்ளர்லேர்ந்து தொங்குது சார்."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சரோஜினி முழங்கையால் இடித்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல? இன்னும் ரெண்டு வார்த்த பேசுங்க, பரங்கிமலைலயே எறக்கி விட்ருவாங்க."

ஐசக் குமிழைத் திருகினார். க்ளிக். விமானம் கிளம்பியது.

4.

ஐசக்கின் தவறு பலரும் செய்வதுதான். ரேடியோ வெறும் காது என்று நினைத்துவிட்டார். அது அப்படியல்ல. வருகிற அலையைப் பிடிக்க, ரேடியோ தனக்குள்ளேயே ஒரு சின்ன அலையை உண்டாக்கி இரண்டையும் கலக்குகிறது. அந்தச் சின்ன அலை கொஞ்சம் வெளியே கசியும். இரண்டு டிரான்சிஸ்டர்களை மேசையில் அருகருகே வையுங்கள். ஒன்றில் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதன் முள்ளை மெல்ல நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் முதல் ரேடியோ விசிலடிக்கும். விமானியும் ரேடியோவை வைத்துத்தான் வழி பார்க்கிறார். அவர் கருவியில் நம் விசில் புகக்கூடாது, அவ்வளவுதான்.

[இதை எழுதும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விமானியிடம் ரேடியோ இருக்கிறதே!]

5.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சரோஜினி வாய் திறந்து உதவி கேட்பாளா? அவளைக் கூச்ச சுபாவக்காரியாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். ஐசக் கழிப்பறைக்குள் போய்த் திருட்டுத்தனமாகக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன், கிழித்துவிட்டேன். சரோஜினி என்னைக் கேட்காமலே கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, பைலட் சார்கிட்ட ரேடியோ இருக்குமே? ஒன்பதேகாலுக்கு மெட்ராஸ் ஸ்டேஷன் வைப்பாரா? எங்க பாட்டு வருது."

"உங்க பாட்டா? நிஜமாவா மேடம்?" காந்திமதி ஓடினாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "கேப்டன் வரச் சொல்றார்!"

6.

விமானி அறையில் ஒரு கருவி. அதில் வானொலி நிலையத்தை வைத்தால், அந்த நிலையத்தின் கம்பம் எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கே ஒரு முள் திரும்பி நிற்கும். கூடவே ஹெட்போனில் நிகழ்ச்சியும் கேட்கும்.

"இந்த ஸ்டேஷன வெச்சுதாம்மா இப்ப தெச பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் கேப்டன். "பாட்டு எங்களுக்கு இனாம்."

முதல் அடி. இரண்டாம் அடி. சரோஜினி அவர் கொடுத்த ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூன்றாவதில் தேவானந்தம் காத்திருந்தார். முழுசாக அரை மாத்திரை காத்திருந்து எடுத்தார்.

"நின்னுட்டாரு! நின்னுட்டாரு!" என்று கத்திவிட்டாள்.

"யாரும்மா நின்னது?" கேப்டன் பதறி எல்லா முட்களையும் பார்த்தார்.

அவருக்கு அவள் என்ன பதில் சொன்னாள், தேவானந்தத்துக்கு என்ன கடிதம் எழுதினாள் என்பதெல்லாம் உங்கள் பாடு; எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது சிக்கலுக்கு விடை. அது இதுதான்: உங்கள் ரேடியோவை அணைத்துப் பையில் வையுங்கள், பணிப்பெண்ணிடம் கேளுங்கள், விமானத்தின் ரேடியோவில் விமானி பிடித்துத் தருவார்.