தனக்கோடியின் வாயை விட்டுப் போன சொற்கள்

1996ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஆரணி தனக்கோடியின் வாயை விட்டு முதலில் போன சொல் 'தயிர்'. காலையில் ஜெயச்சந்திரனின் மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய குறுக்கெழுத்துக் கட்டங்களில் அதை எழுதினார். மத்தியானம் சாப்பிடும்போது மனைவி ரேணுகாம்பாளிடம் அதைக் கேட்க முடியவில்லை. நாக்கு மேலே எழும்பிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. கிண்ணத்தைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டார். பிறர் சொன்னால் அந்தச் சொல் காதில் விழுந்தது, பொருளும் புரிந்தது. அவர் வாயில் மட்டும் அது இல்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அது திரும்பவும் இல்லை.

வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் நாளிதழ் ஒன்றில் அந்தக் காலத்தில் பூடகக் குறுக்கெழுத்து தினமும் வந்துகொண்டிருந்தது. சாதாரணக் குறுக்கெழுத்துப் போல நேராகப் பொருள் சொல்லாது; சொல்லை உடைத்து, ஒளித்து, திருகிக் கேட்கும். 'உயிரின் முதல் போய்த் தலையின் முதல் வந்தால் உறைந்துவிடும்' என்பது அன்றைய குறிப்பு. 'உயிர்' என்பதில் 'உ'வை நீக்கி, 'தலை'யின் 'த'வை வைத்தால் தயிர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த லீலாவுக்கு அது பிடிபட ஒரு டீ குடித்து முடிக்க வேண்டியிருந்தது. ஜெயச்சந்திரன் மாத்திரை எண்ணிக்கொண்டே யோசித்து இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். தனக்கோடி பார்த்தவுடன் எழுதினார். பட்டுச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போடுவது அவர் தொழில். பகலெல்லாம் கிராப் காகிதத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடி, மயில், மாங்காய் வரைபவர். கட்டம் என்றால் அவர் கை சும்மா இருக்காது. மூன்று பேரும் கடை திறக்கும் நேரத்தில் கூடி, ஒரே தாளின்மேல் தலையை முட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் வந்தால் கொஞ்சம் நகர்ந்துகொண்டு, வருஷக் கணக்கில் இப்படி இருந்தார்கள்.

தயிருக்குப் பிறகு, அதே போல அவர் கட்டத்தில் எழுதிய 'கதவு' போயிற்று. அப்புறம் 'சரிகை'. அது இல்லாமல் பட்டு வியாபாரிகளிடம் பேச முடியாதாகையால் 'மினுமினுப்பு' என்று சொல்லிச் சமாளித்தார். கார்த்திகையில் 'இல்லை' போனதும் நிலைமை சிக்கலானது. எதைக் கேட்டாலும் அவரால் மறுக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் கேட்ட வியாபாரிகளுக்கெல்லாம் டிசைன் வரைந்து கண் வீங்கிப்போனார். பிறகுதான் தலையை ஆட்டக் கற்றுக்கொண்டார். வேலூரில் ஒரு டாக்டர் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பென்சிலால் எழுதிப் பார்த்தார்கள், அப்போதும் போயிற்று. ரப்பரால் அழித்தார்கள், சொல் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல லீலா எழுதினால் ஒன்றும் ஆகவில்லை.

"அப்போ இனிமே நான் எழுதறேன், நீங்க சொல்லிகினே வாங்க, போதும்" என்றாள் லீலா.

தனக்கோடி பேனாவைத் தரவில்லை. "நானே எழுதறேன்மா" என்றார்.

லீலாவுக்கும் ஜெயச்சந்திரனுக்கும் காரணம் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

தனக்கோடிக்கு ஒரே மகள். பிறந்த வருஷம் அவர் ஒரு புதுக் கொடி பார்டர் வரைந்துகொண்டிருந்தார். வாசந்திக் கொடி என்று யாரோ சொன்ன பூவைக் கேள்விப்பட்டு, கண்ணால் பார்க்காமலேயே வரைந்தது. அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்தார். வாசந்தி பத்தொன்பது வயதில், 95ஆம் வருஷ மழைக்காலத்தில், மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனாள். காரியங்கள் முடிந்து அவர் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம், வாசலில் செருப்பைக் கழற்றியதும், பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கூப்பிட்டது: "வாசந்தி, தண்ணி கொண்டாம்மா." உள்ளே ரேணுகாம்பாள் எழுந்தாள். மகள் எங்கேயோ வேலையாக இருக்கிறாள் போலிருக்கிறது என்று சொம்பை நிரப்பினாள். கூடத்துக்கு வரும்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு வந்து பார்த்தார், பின்வாசல் வழியாக வந்து பார்த்தார். செருப்பு காலை விட்டு இறங்கியதும் பெயர் வெளியே வந்துவிட்டது.

ஒருநாள் ரேணுகாம்பாள் சொம்பை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பேர இந்த வூட்ல இனிமே கூப்புடாதிங்க. உங்களுக்குக் கையெடுத்துக் கும்புடறேன். தெனமும் சாயங்காலம் எம்பொண்ணு புதுசா சாவறா."

அவரும் என்னதான் செய்வார்? பெயர் நிற்கவில்லை. அப்படி இருக்கும்போதுதான் தயிர் போயிற்று. தயிர் போகுமென்றால் பெயரும் போகும் என்று அவர் நினைத்தார். அதற்குத்தான் தினமும் பேனாவோடு பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த காலத்தில் மற்ற சொற்கள் போனதைச் செலவாகவே வைத்துக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட ஜெயச்சந்திரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார். லீலா அழவில்லை. குறுக்கெழுத்தைத் தயாரிப்பவர் யார் என்று எக்ஸ்சேஞ்சில் விசாரித்துக் கண்டுபிடித்தாள். பொன்னுசாமி என்று பெயர், தேசூரில் இருந்தார், நெல் மிஷின் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் பிடித்துப் போனார்கள். தவிடு படிந்த சட்டையோடு அவர் வந்து நாற்காலி போட்டார். தன் புதிரைப் போட்டு முடிப்பவர்களை நேரில் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். வந்த காரணத்தைச் சொன்னதும் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"ஆளுங்க பேரு போடறதில்லிங்க நானு. அது மொறையில்ல" என்றார். சட்டையில் படிந்த தவிட்டைத் தட்டிவிட்டார். "பாப்பா பேரு இன்னா?"

"வாசந்தி" என்றார் தனக்கோடி.

"அது ஒரு கொடியோட பேருங்க. குருக்கத்தின்னு சொல்வாங்களே, அதான். கொடின்னா போடலாம்." பொன்னுசாமி அவரையே பார்த்தார். "ஆனா ஒண்ணு. அப்பால வேணும்னு வந்து நின்னிங்கன்னா எழுதனத எடுத்துக் குடுக்க என்னால ஆவாது. நல்லா யோசிச்சுக்குங்க."

தனக்கோடிக்கு 'யோசனை' என்ற சொல் போயிருந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

அந்தக் குறிப்பு 98ஆம் வருஷம் தை மாதத்தில் வந்தது. 'வந்து பார்க்கச் சொல்லும் கொடி.' வா என்றால் வருவது, சந்தி என்றால் பார்ப்பது. லீலாவும் ஜெயச்சந்திரனும் அதைப் பார்த்த உடனேயே கண்டுகொண்டார்கள், ஆனாலும் வாய் திறக்காமல் மற்றக் கட்டங்களையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். தனக்கோடி மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அந்த நான்கு கட்டங்களைக் கடைசியாக வைத்துக்கொண்டார். மெதுவாக, "வாசந்தி" என்று ஒருதரம் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். பிறகு எழுதினார். சேலைக்குக் கொடி வரைகிறவர் என்பதால் அவர் கையெழுத்து அன்றைக்கும் அழகாகவே விழுந்தது.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றினார். வாய் திறந்தது. வெறும் காற்று வந்தது. உள்ளே, வழக்கமான நேரம் என்று முன்கூட்டியே சொம்பை நிரப்பி வைத்துக் காத்திருந்த ரேணுகாம்பாள், செருப்புச் சத்தத்துக்குப் பிறகு வரவேண்டியது வராததைக் கேட்டாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் நினைத்தபடி அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. பெயர் வரும்போது அவள் ஒரு கணமாவது சொம்போடு எழுந்தாள். அந்த ஒரு கணத்தில் மகள் எங்கேயோ வேலையாக இருந்தாள். அந்தக் கணத்துக்காகத்தான் தான் பகல் முழுவதும் அடுப்படியில் நடமாடிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்த வாரம் அவள் உலை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு துர்கா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் காலை, எப்போதும் அந்தப் பக்கம் வராதவள், மருந்துக்கடைக்கு வந்து நின்றாள். தனக்கோடி பெஞ்சில் இருந்தார்.

"அந்தக் காயிதத்துல இன்னா எழுதனாரு?" என்று லீலாவிடம் கேட்டாள்.

லீலா சொன்னாள். கொடி, வா, சந்தி, எல்லாவற்றையும் சொன்னாள்.

ரேணுகாம்பாள் கணவரிடம் திரும்பினாள். "நான் சொன்னேன்னு இப்பிடியாங்க செஞ்சிகினு வருவாங்க? ஏதோ வயித்தெரிச்சல்ல சொன்னேன். நானும்தானே உங்க வாயால அவ பேரக் கேட்டுகினு இருந்தேன்."

தனக்கோடிக்கு 'மன்னிப்பு' போய் வெகு நாளாகியிருந்தது. எழுந்து நின்று கைகளைப் பிசைந்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றினார். வாய் திறந்து, மூடியது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசந்தி, அப்பா வந்துட்டாரு பாரு. தண்ணி எடுத்தாம்மா." தனக்கோடி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மகளைத் தூக்கிப்போன அன்றுகூட ஆரணிக்காரர்கள் அவர் அழுது பார்த்ததில்லை. இப்போது தெருவே கேட்கும்படி அழுதார். ரேணுகாம்பாள் சொம்போடு வந்து, அவர் அழுது முடிக்கும்வரை நின்று, குடிக்கக் கொடுத்தாள். மறுநாளும் அவளே கூப்பிட்டாள்.

தனக்கோடி குறுக்கெழுத்தை விடவில்லை. சொல் போய்க்கொண்டுதான் இருந்தது. 2003 வாக்கில் அவரிடம் ஒரு சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குத்தான் பேச்சு மிஞ்சியது. லீலாவை 'அம்மா' என்றும் ஜெயச்சந்திரனை 'தோ' என்றும் கூப்பிட்டார். பட்டு வியாபாரிகள் அவரிடம் பேரம் பேசுவதை நிறுத்திக் கைவிரல்களைக் காட்டினார்கள். பேச்சு குறைந்த கை இன்னும் நுணுக்கமாக வரைகிறது என்று சொல்லி வேலை கொடுத்தார்கள். ரேணுகாம்பாள் அவருக்காகக் கடைகளில் பேசினாள், பஸ்ஸில் டிக்கெட் கேட்டாள், கோயிலில் அர்ச்சனைக்கு மூன்று பேர் பெயரும் சொன்னாள். ஐயர் மூன்று பெயருக்கும் செய்தார்.

2006இல் எதிர் வீட்டுக்குக் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுப் பெண், சாயங்காலக் குரலைக் கேட்டுவிட்டு, வாசந்தி என்ன படிக்கிறாள் என்று துர்காவிடம் விசாரித்தாள். துர்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அது செத்து பத்து வருசத்துக்கு மேல ஆவுதும்மா."

"அப்போ தெனம் கூப்புடறாங்களே?"

"ஆமா. அவர் வந்தா கூப்புடுவாங்க."

எதிர் வீட்டுப் பெண் சரி என்று தலையாட்டினாள். அடுத்த நாள் சாயங்காலம் குரல் கேட்டதும், நேரமாகிவிட்டது என்று எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தாள்.