பிண்டிலாவுக்கு வராத பால்கட்டி ஆலை

டெஸ் குவில்ட்டி மறுபடி பிண்டிலாவுக்கு வந்தபோது, நகராட்சித் தலைவி நொரீன் தன் கையாலேயே டீ போட்டு, ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதுவே அவள் வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டது.

அவளுக்கு அவனை மறக்குமா? ஆலைக்கு இடம் பார்க்கும் கம்பெனி ஆள். சில வருஷங்களுக்கு முன்பும் இதே நகராட்சி மண்டபத்தில்தான் டீ குடித்தான். தண்ணீர், ரயில் பாதை, பால் எல்லாம் பிரமாதம் என்றான். அதை நம்பி அவள் புருஷன் கிளெம் மாடுகளை இரட்டிப்பாக்கி, புதுக் கொட்டகை போட்டான். படுபாவி டெஸ், பிண்டிலா தருவதாகச் சொன்ன சலுகைகளைக் காட்டியே பக்கத்து ஊர் கோரம்பக்கிடம் இன்னும் அதிகமாகக் கறந்துகொண்டு, ஆலையை அங்கே வைத்தான். நியாயம் கேட்கப் போன நொரீனிடம், "டீ குடிச்சா கையெழுத்துப் போட்டதா ஆகிடுமா கண்ணு?" என்று சிரித்தான். மாடுகள் ஏலத்தில் போயின. மேற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டப் போன கிளெம் பிணமாகத்தான் திரும்பினான்.

இப்போது கம்பெனிக்கு இரண்டாவது ஆலை வேண்டும். மறுபடி அதே இரண்டு ஊர்கள்.

"நிலம் சும்மா, தண்ணி சும்மா, வரியும் கிடையாது. போதுமா?" என்று ஜாமை அவன் பக்கம் நகர்த்தினாள் நொரீன்.

"தாராளமா!"

"ஆனா ரெண்டு ஊரை மோதவிடுற ஆட்டம் இங்க வேண்டாம். கோரம்பக் வேண்டாம்னு ஊரறியச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் கவுன்சில்ல ஓட்டுக்கு வைக்கிறேன்."

"அவ்வளவுதானே!" என்று இன்னொரு ஸ்கோனை எடுத்துக்கொண்டான். மறுநாளே வானொலியில் சொல்லியும்விட்டான். ரோஷம் வந்த கோரம்பக், இரண்டாவது ஆலைக்கென்று வைத்திருந்த இடத்தைக் கம்பளி ஆலைக்குக் கொடுத்துவிட்டது.

கவுன்சிலில் கை தூக்கியபோது இரு பக்கமும் சமம். அப்படியானால் தலைவியின் ஓட்டுதான் முடிவு.

"நம்ம பசங்களுக்கு வேலை நொரீன், யோசிச்சுப் பாரு," என்று கெஞ்சினார் மூத்த உறுப்பினர் மெர்வ்.

அவளுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் கிளெமின் காலிக் கொட்டகை கண்முன் நின்றது. வேண்டாம் என்று கை தூக்கினாள்.

பார்வையாளர் வரிசையில் இருந்த டெஸ் துள்ளி எழுந்தான். "அங்கயும் விட்டாச்சு, என் வேலையே போயிடும்! அன்னிக்கு டீ குடுத்து எல்லாம் தர்றேன்னு சொன்னீங்களே!"

"டீ குடிச்சா கையெழுத்துப் போட்டதா ஆகிடுமா கண்ணு?" என்றாள் நொரீன்.

அப்போதுதான் அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது.