யார் வீட்டு விசில்

லிஃப்ட் மெக்கானிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மத்தியானம் அவள் சாப்பிட வருகிறாள். அவன் வேலைக்குப் போகும் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் கணக்கு எழுதுகிறவள். கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

“எங்க வீட்ல அம்மா மட்டும்தான் அடுப்படியில கெடந்து வெந்தாங்க. நான் அப்படி நிக்க மாட்டேன். உங்க கையால ஒரு பருப்பு வெச்சுப் போடுங்க. சாப்பிட்டுட்டுப் பதில் சொல்றேன்.”

பருப்புதானே என்று இவனும் மார் தட்டிவிட்டான். அதுவரை வெந்நீர் தவிர எதையும் கொதிக்க வைத்ததில்லை என்பது வேறு விஷயம். மாதக் கடைசி வேறு. துவரம்பருப்பு, இரண்டு தக்காளி, கொஞ்சம் பூண்டு, அதற்கு மேல் பர்ஸ் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் கேட்டான். “மூணு விசில் விட்டு இறக்கு, கடைஞ்சு தாளி. இதுக்கு ஒரு படிப்பா?” என்று அவள் போய்விட்டாள்.

குக்கரை ஏற்றிவிட்டு முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட நின்றான். விசில் கேட்டது. காலரைத் தேய்த்தான். இன்னொன்று. மூன்றாவது வந்ததும் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். இந்தச் சுளுவான வேலைக்கா உலகம் இத்தனை அலட்டிக்கொள்கிறது என்று கண்ணாடியில் ஒரு சிரிப்பு வேறு.

ஆவி அடங்கித் திறந்தால், மஞ்சள் தண்ணீருக்கு அடியில் பருப்பு போட்டது போட்டபடி கிடந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்தான். பல்தான் வலித்தது.

கதவு தட்டப்பட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்தால், நர்ஸ் அக்கா. கையில் அவள் வீட்டுக் குக்கர்.

“தம்பி, நீயும் இப்பதான் குக்கர் வெச்சியா?”

“ஆமாக்கா.”

“அதானே பாத்தேன். மூணு விசில்னு இறக்கினா, கடலப்பருப்பு முழிச்சுக்கிட்டு இருக்கு.”

இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். இவன் விசிலை அவளும், அவள் விசிலை இவனும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுவதா சிரிப்பதா என்று இவன் திணறும்போது வந்து நின்றாள் கணக்குக்காரி. விஷயத்தைக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ரெண்டையும் ஒரே குக்கர்ல கொட்டுங்க. அப்புறம் யார் வீட்டு விசில்னு குழப்பம் வராது.”

கொட்டினான். மூவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். கணக்குக்காரி பக்கத்தில் நிற்கிற சந்தோஷத்தில் அவனுக்கு இரண்டாவது விசிலிலேயே எண்ணிக்கை தவறிப்போனது. அவள்தான் விரலை மடித்து எண்ணி, போதும் என்றாள். இந்த முறை பருப்பு பூவாக வெந்திருந்தது. தக்காளியும் பூண்டும் வதக்கிச் சேர்த்தான். தாளிக்கும்போது கடுகு தெறித்து, தேய்த்த சட்டையெல்லாம் எண்ணெய்ப் பொட்டு.

அக்கா தன் பங்கைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கணக்குக்காரி சாப்பிட்டாள். மறுபடி சோறு போட்டுக்கொண்டாள். தட்டை வழித்தாள். அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

“பதில்?” என்றான்.

“சமையல் உங்க கைக்கு வந்துடும். எண்ணிக்கைதான் வராது.” அவள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “பரவாயில்ல. தினமும் நான் எண்ணுறேன். ஆனா இங்க உக்காந்துதான் எண்ணுவேன்.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு விசில், பின்னாலேயே அக்காவின் சிரிப்பு. அந்த வீட்டுக் குக்கரோ இன்னும் இவன் அடுப்படியில்தான் இருந்தது.