கம்பளியின் காதுக்குப் பின்னால் விழுந்த சிக்கு

1

இந்தக் கதை என் தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டு எழுதினேன் என்று பிறகு நானே பீற்றிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. கழுத்தைச் சுற்றித் துண்டு, நெற்றியோரம் கறுப்பு ஒழுகல், இரண்டு கைகளும் போர்வைக்குள். அந்த நிலையில் குறிப்பெடுக்க முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. கதை கேட்க அதைவிட நல்ல நாற்காலி எனக்கு வாய்த்ததில்லை.

சொன்னவர் எனக்கு முடி வெட்டுகிறவர். அவருக்கே சுருள் முடி என்பதால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் சுருட்டை அக்கா என்பார்கள். கதைக்குள் அவரைச் 'சுருட்டை' என்றும் 'அவள்' என்றும் எழுதப்போகிறேன். 'அக்கா' போட்டால் என் எழுத்து கைகட்டிக்கொண்டு ஓரமாய் நின்றுவிடுகிறது. அக்கா மன்னிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலையில் வானம் கறுத்து..." (வேண்டாம். வானத்துக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: "மனிதனுக்கும் நாய்க்கும் இடையே காலங்காலமாக..." (பள்ளிக்கூடத்துக் கட்டுரை. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: நாய்க்குக் காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்திருந்தது.

இது போதும், உள்ளே போகலாம். நாயின் பெயர் கம்பளி. உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. வயதான நாய். அது சுருட்டை வீட்டில் எல்லாருக்கும் பொது என்றாலும், படுப்பது அவள் மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில்தான். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கை மடங்கிவிட்டது. விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும், திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைத் தந்துவிட்டுப் போனார். மாமனார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கம்பளியின் கழுத்து முடிக்குள் அந்தக் கையை விடுவார், மூடுவார், ரொம்ப நேரம் போராடித் திறப்பார். மறுபடியும் மூடுவார். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்ததே அந்த நாயால்தான்.

நாள் முழுக்க ஒரே இடத்தில் பிசைந்தால் முடி என்ன செய்யும்? சிக்கு விழுந்தது.*

* இந்த இடத்தில் 'அன்பும் ஒருவகைச் சிக்குதான்' என்று எழுதி அடித்திருக்கிறேன். இங்கேயே கிடக்கிறது. மிதிக்காமல் தாண்டி வாருங்கள்.

3

இனி தப்பு நடக்க வேண்டும். நான் எழுதிய முதல் படியில் தப்பைச் செய்தவர் சுருட்டையின் கணவர். அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார், பழியைப் போட வசதியான ஆள். ஒரு நாள் முழுக்க அந்தப் படியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன், ஓடவில்லை. காலமெல்லாம் முடியோடு பழகிய ஒருத்தி நாயின் முடியில் தப்புச் செய்வாளா என்று எனக்குச் சந்தேகம். பிறகுதான் உறைத்தது. அவள் தொழில்காரி என்பதால்தான் அந்தத் தப்பே நடந்தது.

மனிதத் தலையில் சிக்கு என்றால் அவள் என்ன செய்வாள்? நன்றாக அலசி, மேலே கண்டிஷனர் பூசி, ஈரத்தோடு சீப்பைப் போடுவாள். வழுக்கிக்கொண்டு பிரியும். அதையேதான் கம்பளிக்கும் செய்தாள். வெந்நீர், நல்ல ஷாம்பு, ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் பட்டதும் அந்தச் சிக்கு இறுகி, காய்ந்தபோது கட்டிதட்டிப் பலகையாகிவிட்டது. மனிதச் சீப்பு அதற்குள் நுழையக்கூட இல்லை.

சரி, வெட்டிவிடலாம் என்று மாமனார் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்திரிக்கோலை எடுத்தாள். மெல்லிய, கூர்மையான கத்திரி, அவள் கையில் தினமும் விளையாடுவது. சிக்கு தோலையும் சேர்த்து மேலே இழுத்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. முடி என்று நினைத்து

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிவெட்டும் நாற்காலியில் இருந்த எனக்கே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.)

கம்பளி கடிக்கவில்லை. ஒரே ஒரு முறை கத்திவிட்டு, உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, காயம் சின்னதுதான், மருந்து போட்டால் ஆறிவிடும், வயதான நாய்க்கு மயக்க ஊசி போட்டுச் சிக்கு எடுக்க வேண்டாம், ஆறியபிறகு பொறுமையாக வீட்டிலேயே எடுங்கள் என்றார்.

காயம் ஆறியது. நாய்தான் கூடத்துப் பக்கமே வரவில்லை. வெட்டுப்பட்டது மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அல்லவா?

"எங்க?" என்பார் மாமனார். அவருக்குச் சொல் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"உள்ள இருக்கு மாமா."

"வரலயா?"

"வரும் மாமா."

கை நாற்காலிக்கு வெளியே சும்மா தொங்கும். கொஞ்ச நாளில் விரல்கள் பழையபடி மூடிக்கொண்டன. இப்படியே விட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் அந்தக் கையையும் சேர்த்து வெட்டிட்ட மாதிரி இருந்துச்சு," என்றார் சுருட்டை அக்கா, என் காதோரம் சாயத்தைத் துடைத்தபடி.

4

கடைக் காட்சி. (நீளமாக எழுதி, பாதியை வெட்டிவிட்டேன். எத்தனை பிரஷ்கள் தொங்கின என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு?)

நாய்ப் பொருட்கள் விற்கும் கடைக்காரம்மாவிடம் சுருட்டை நடந்ததைச் சொல்லி, கம்பளியின் படத்தைக் காட்டி, முடிவெட்டும் மெஷின் கேட்டாள்.

"ஒட்ட அடிச்சிடலாம்னு பாக்கறேங்க."

"இதுக்கு ரெட்டை முடிங்க. மேல ஒண்ணு, அடியில பஞ்சு மாதிரி ஒண்ணு. ஒட்ட அடிச்சா பழையபடி வளராமலே போகலாம். அதோட, பயந்து போன நாய்கிட்ட கொர்னு மெஷினைக் கொண்டு போவீங்களா?"

கடைக்காரம்மா ஒரு பிரஷை எடுத்தார். அட்டை போலப் பட்டையாக, வளைந்த கம்பிகள்.

"கையைக் காட்டுங்க. உள் பக்கம். எந்த பிரஷா இருந்தாலும் மொதல்ல உங்க கையில இழுத்துப் பாக்கணும்."

இழுத்ததில் கோடு விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு, கம்பி நுனி மழுங்கிய இன்னொன்றை இழுத்தார். கூச்சம்தான் வந்தது. கூடவே ஒரு எஃகுச் சீப்பு, பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல்.

"கொஞ்சம் சோள மாவு தூவுங்க, விரலாலயே பிரியும். அப்புறம் சீப்பு. நுனியில இருந்து ஆரம்பிக்கணும். தண்ணி கடைசியா."

"எங்க தொழில்ல அப்படியே தலைகீழுங்க."

"அப்ப உங்க மேல என்ன தப்பு? பழகின கை அது."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த அம்மாவை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன் என்றார் சுருட்டை அக்கா. நானும்தான். ஒரு மனிதர் தப்புச் செய்து நிற்கும்போது, சரியான சாமானையும் கொடுத்து, சிரிக்காமலும் இருப்பது பெரிய மனசு.

5

(இங்கே நாய் தானாக மனம் மாறி ஓடிவந்து மாமனார் மடியில் தலை வைப்பதாக ஒரு பத்தி இருந்தது. கம்பளிக்கு அவ்வளவு நாடகம் தெரியாது.)

நடந்தது இது. சுருட்டை சீப்பையும் பிரஷையும் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். கம்பளி அவற்றை மோந்து பார்த்தது, அவற்றின் மேலேயே தூங்கியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை அறை வாசல்படிக்கும், கூடத்துக்கும் நகர்த்தினாள். ஒரு மதியம் அது நாற்காலிக்குப் பக்கத்தில், பழைய இடத்தில், வந்து படுத்தது. மாமனார் மூச்சுக்கூட விடவில்லை.

சுருட்டை தரையில் உட்கார்ந்து மாவைத் தூவினாள். விரலால் கொஞ்சம் பிரித்துவிட்டுச் சீப்பை வைத்தாள். தோல் இழுபட்டது, நாய் வெடுக்கென்று திரும்பியது. அடிமுடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு கை பிரிக்க வேண்டும், ஒரு கை வார வேண்டும்.

"எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே," என்று முணுமுணுத்தாள்.

மேலேயிருந்து ஒரு கை மெதுவாக இறங்கியது. சிக்குக்கு அடியில், தோலை ஒட்டி, விரல்களில் மிச்சமிருந்த இடைவெளிக்குள் முடியை வாங்கிக்கொண்டு மூடியது. மூடினால் திறக்காத கை. எல்லாரும் திறக்கச் சொல்லி மன்றாடிய அந்தக் கைக்கு, மூடியே இருக்கும்படி ஒரு வேலை வந்தது.

நுனியிலிருந்து வாரினாள். கம்பளிக்கு வலிக்கவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, தாடையைத் தரையில் வைத்தது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும்வரை வாரினாள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்து வந்தது.

6

"முடிஞ்சுது மாமா. இப்ப விடுங்க."

இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே சுருட்டை அக்கா என் தலையைப் பின்னால் சாய்த்து, குழாயைத் திறந்தார். என் இரண்டு காதிலும் தண்ணீர். தலைகீழாக ஒரு வாய் அசைவதைப் பார்த்தேன், ஒரு சொல்லும் விளங்கவில்லை. குழாயை மூடியபோது கதை முடிந்திருந்தது. எனக்குக் கிடைத்த வால் இவ்வளவுதான்: "...அத்தனை நேரமும் அது அசையவே இல்லைங்க. எந்திரிச்சுப் போயிருக்கலாம், போகல." அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார்.

ஆகவே என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று: சுண்டு விரல் முதலில் அசைந்தது, மற்றவை பின்னால் வந்தன, தாமாக. (எனக்கு இதுதான் வேண்டும். வேண்டும் என்பதாலேயே நம்பிக்கை வரவில்லை.) இன்னொன்று: விரல்கள் வரவில்லை. சுருட்டை அவற்றை ஒவ்வொன்றாக, நுனியிலிருந்து, வலிக்காமல் பிரித்தெடுத்தாள்.

மறுபடி போனபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காதில் விழுந்தவரைக்கும் கிடைத்ததே எனக்கு நிறைய. ஒரு நாய் தனக்குக் காயம் பட்ட இடத்துக்கே திரும்பி வந்ததும், ஒருவரின் ஊனம் ஒரு மதியம் முழுக்க உதவியாக இருந்ததும். இதைச் சொன்ன அக்காவுக்கு நன்றி, எனக்குத் தெரியாத அந்தக் கடைக்காரம்மாவுக்கு நன்றி. மிச்சத்தை உங்களிடம் தருகிறேன்.

கை மூடியிருக்கிறது. சுருட்டை சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். தானாகத் திறக்குமா, யாராவது திறக்க வேண்டுமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட வேண்டியதில்லை. அதுவரை கம்பளி எழுந்து போகாது.