முகம் பார்க்காத காட்டேரி

அக்காவின் கண்ணாடிப் பட்டறையில் வெள்ளி பூசும் மேசை புழுவின் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரியும் தங்கைக்கு அக்கா வைத்த பெயர்தான் புழு. “இன்னொரு கண்ணாடி பாழாச்சுன்னா மறுபடியும் பேக்கிங் வேலைதான்” என்று காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்.

மேசையில் ஓர் அழகுநிலையத்துக்கான ஆளுயரக் கண்ணாடி கிடந்தது. புழு அதைக் கழுவினாள். அடுத்து வெள்ளீயக் கரைசல் தடவ வேண்டும். அது படாத இடத்தில் வெள்ளி பிடிக்காது. பாதி வரை தடவியவள், திறந்து கிடந்த நாவலை எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு பக்கம்.

மண்ணால் கோட்டை கட்டிய காலத்து இரத்தக் காட்டேரி ஒருவனின் கதை. எத்தனையோ அரசர்களுக்குப் பிறகும் அவன் அப்படியே இருந்தான். இந்தப் பக்கத்தில், கடல் தாண்டி வந்த வணிகன் பளபளவெனத் தேய்த்த வெண்கலத் தகடு ஒன்றைச் சந்தையில் நிறுத்துகிறான். அப்படியொன்றை அந்த ஊர் பார்த்ததேயில்லை. ஆளாளுக்குத் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காட்டேரியும் குனிகிறான். அவனுக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் தகட்டில் தெரிகிறது.

புழு அந்த வரியை மறுபடி படித்தாள். இத்தனை காலமும் தன் முகம் எப்படியிருக்கும் என்று என்னவெல்லாம் நினைத்து வைத்திருந்தானோ. மனத்தால் அந்தச் சந்தையிலேயே நின்றபடிதான் வெள்ளிக் கரைசலை எடுத்து ஊற்றினாள்.

அலசி, கண்ணாடியை நிமிர்த்தி வைத்தபோது அக்கா வந்து எதிரே நின்றாள்.

“என்னடி இது, எனக்குக் கழுத்து வரைக்கும்தான் இருக்கு?”

மேல்பாதி வெறும் கண்ணாடி. அக்காவின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பட்டறைச் சுவர். புழு கண்கொட்டாமல் பார்த்தாள்.

“அவனுக்கும் இப்படித்தான்க்கா இருந்திருக்கும்.”

“எவனுக்கு?”

வேறு வழியின்றிக் கதையைச் சொன்னாள் புழு. அக்கா குறுக்கிட்டாள். “ஆத்துத் தண்ணியில பாத்திருக்க மாட்டானா?”

“ஓடுற தண்ணி அவனுக்கு ஆகாதுக்கா.”

“குடத்துல?”

“தண்ணியே குடிக்க மாட்டானே.”

அக்கா தலையில்லாத தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம்டி” என்றாள், குரல் தாழ்ந்து. சட்டென்று பழைய அக்காவானாள். “இத வாங்க வர்றவங்ககிட்டயும் இதே கதைய சொல்லு. புருவத்த எங்க திருத்துறதுன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் கழுவிட்டு மறுபடி ஊத்து. இதுவும் வரலைன்னா மேசைய விட்டுட்டு பேக்கிங்குக்குப் போயிடு.”

இம்முறை புழு ஓரம் விடாமல் தடவினாள். ஊற்றினாள். கண்ணாடி பழுப்பாகி, கறுத்து, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மெல்ல வெள்ளி எழுந்தது. இரண்டு நெற்றிகள், நான்கு கண்கள். எத்தனையோ கண்ணாடி பார்த்த அக்காகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வந்துடுச்சுக்கா.”

“ம். அப்புறம் அவன் என்ன பண்ணான்?”

“இன்னும் படிக்கல.”

“முதல்ல வெள்ளி உரியாம இருக்க பின்பக்கத்துக்குப் பெயின்ட் அடி. அது காயுற வரைக்கும் படி” என்று முக்காலியை இழுத்துப் போட்டாள் அக்கா. “எனக்கும் கேக்குற மாதிரி.”